கடற்பாசிப் பெட்டி: பதினான்கு குழந்தைகளும் ஆறு சனிக்கிழமைகளும்

மதுரையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். சனிக்கிழமை பிற்பகல்களில், விரும்பி வரும் குழந்தைகளை வைத்துக்கொண்டு கைவேலைகளும் சிறு சோதனைகளும் செய்வது எங்கள் பள்ளியின் வழக்கம். கடந்த ஐப்பசியில் அந்த வகுப்புக்காக, கடற்பாசியைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றான பொருளாகக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் செய்முறைப் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 5 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஏற்றது என்று அதன் மேலட்டை சொல்கிறது. ஒரு பெட்டி போதாது என்பதால் பிறகு இன்னொன்றும் வரவழைத்து, ஆறு சனிக்கிழமைகள், பதினான்கு குழந்தைகளுடன் அதிலுள்ள எல்லாச் சோதனைகளையும் செய்து முடித்தேன். ஏறத்தாழ இதே உள்ளடக்கத்துடன் வேறு பெட்டிகளும் விற்பனைக்கு வருவதால், தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதிலுள்ள பொருள்கள் நல்லவை, புத்தகம் பலவீனமானது, மேலட்டையிலுள்ள வாக்குறுதிகளில் ஒன்றைக் குழந்தைகளிடம் திருத்திச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பவை: அகர் அகர் தூள் (ஜெல்லி செய்யும் கடற்பாசித் தூள்), சோடியம் ஆல்ஜினேட் (பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் தூள்), கால்சியம் லாக்டேட் (ஒரு கால்சியம் உப்பு), சிறு புட்டியில் கிளிசரின், பச்சை, பழுப்பு, சிவப்பு ஆகிய மூன்று வகைப் பாசிகளின் உலர்ந்த மாதிரிகள், ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு சொட்டுக்குழாய்கள், மீன் வடிவ அச்சு ஒன்று, படப்புத்தகம், கேள்வி அட்டைகள். தூள்களின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. அகர் கட்டியில்லாமல் கரைந்தது, ஆல்ஜினேட்டில் நாற்றம் இல்லை, சொட்டுக்குழாய்களைச் சின்னக் கைகள் எளிதாக அழுத்த முடிந்தது. ஆனால் இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. பெட்டியைப் பிரித்ததும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உறைகளை எண்ணி, "ஒன்பது கவர் இருக்கு டீச்சர்" என்றாள். ஈரம் பட்டால் கெட்டுவிடும் தூள்களுக்கு உறை தேவைதான், அதை அவளுக்கு விளக்கினேன். உலர்ந்த பாசிக்கும் அட்டைகளுக்கும் அது ஏன் தேவை என்று என்னால் விளக்க முடியவில்லை. தயாரிப்பாளர்கள் முதலில் சரிசெய்ய வேண்டிய குறை இது.

அடுத்தது சொல். தமிழில் அச்சிட்ட படப்புத்தகம் உள்ளது என்பதற்காகவே இந்தப் பெட்டியை நான் தேர்ந்தெடுத்தேன். புத்தகமோ முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை இந்தப் பொருளைக் 'கடல் களை' என்றே அழைக்கிறது. 'சீவீட்' (seaweed) என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. களை என்றால் பிடுங்கி எறிய வேண்டியது என்பது வயற்காட்டைப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எறிய வேண்டிய ஒன்றிலிருந்து நல்ல பொருள் செய்யலாம் என்ற தவறான கதை அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. கடற்பாசி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பாசி என்றதும் குழந்தைகள் சொன்னவை, குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசி, பாசிப்பயறு, பாசிமணி. மூன்றையும் கரும்பலகையில் எழுதி, குளத்துப் பாசிக்குக் கடலில் பெரிய உறவினர்கள் உண்டு என்று தொடங்கியபோது வகுப்பு எளிதாக உள்ளே வந்தது. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் 'களை' என்பதன் மேல் சிறு காகிதம் ஒட்டிப் 'பாசி' என்று எழுதும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுத்தேன். எழுத்துப் பயிற்சியாகவும் அது அமைந்தது.

மாதிரிகளை நீரில் ஊறவைப்பது முதல் செய்முறை. சுருங்கிக் கிடந்த துண்டு கால்மணி நேரத்தில் விரிந்து கிளைகளோடு மிதப்பதைக் குழந்தைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியில் அவர்கள் முதலில் தேடியது வேரை. கடற்பாசிக்கு நிலத்துச் செடிகளைப் போன்ற வேர் இல்லை, பாறையையோ பவளத்தையோ இறுகப் பிடித்துக்கொள்ளும் பற்றுறுப்புதான் உண்டு, உணவை உடல் முழுவதாலும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதைப் புத்தகம் தெளிவான படத்துடன் சொல்கிறது. இந்தப் பக்கத்தை மனமாரப் பாராட்டுகிறேன். நன்னீர் பாய்ச்ச வேண்டாம், உரம் போட வேண்டாம், உழவு நிலம் வேண்டாம் என்ற செய்தி அந்த ஒரு படத்திலிருந்தே தானாக விளங்கிவிடுகிறது.

ஆனால் அதற்கடுத்த எட்டுப் பக்கங்களில் இருப்பவை குளிர்ந்த கடல்களின் ராட்சதப் பழுப்புப் பாசிக் காடுகள். கலிபோர்னியாக் கரையில் ஒரே நாளில் இரண்டடி வரை வளரக்கூடிய அந்தப் பாசி வியப்பானதுதான். எனினும் அது நம் கடலில் இல்லை. மதுரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் மண்டபம் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிலும் பாசிகள் படர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை. மண்டபம் பக்கத்தைச் சேர்ந்த சக ஆசிரியை ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு துணிப்பையில் உலர்ந்த பாசிகள் கொண்டுவந்தார். அந்தப் பை இல்லாவிட்டால் என் வகுப்பு பாதியாகத்தான் இருந்திருக்கும். கடற்கரை மக்கள் வைத்த பெயர்களே பாடமாகிவிட்டன. மரிக்கொழுந்தைப் போல மெல்லிய கிளைகளுள்ளது மரிக்கொழுந்துப் பாசி. வேகவைத்துக் கஞ்சி காய்ச்சியது கஞ்சிப்பாசி. இரண்டிலிருந்தும்தான் அகர் எடுக்கிறார்கள், இந்தியாவில் உயர்தர அகர் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைக்கிறது. பழுப்பு நிறத்தில் நீண்டு வளரும் கட்டக்கோரையிலிருந்து கிடைப்பது ஆல்ஜினேட். பக்கோடாவைப் போல் மொறுமொறுப்பாகத் தோன்றும் பக்கோடாப் பாசியும் இருந்தது. அதைக் கையில் வாங்கிய குழந்தை ஒன்று கடித்தே பார்த்துவிட்டது. பெட்டியின் தூள் உறைகளுக்குப் பக்கத்தில் இந்தப் பாசிகளை வரிசையாக வைத்து, எதிலிருந்து எது வந்தது என்று நூல்கட்டி இணைத்தோம். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் உறைக்கு ஒரு நூல், கஞ்சிப்பாசியிலிருந்து அகர் உறைக்கு ஒரு நூல். வெள்ளைத் தூள் ஒரு காலத்தில் கடலில் அசைந்துகொண்டிருந்த உயிர் என்பது அந்த நூல்களால்தான் அவர்களுக்குப் புரிந்தது. மதுரையைச் சுற்றியுள்ள சிறு ஆலைகளில்தான் அந்தத் தூளில் ஒரு பகுதி தயாராகிறது என்று சொன்னபோது, தங்கள் ஊரும் நூலின் நடுவில் இருப்பதில் அவர்களுக்குப் பெருமிதம்.

பெட்டியின் மிகப் பெரிய விடுபடல் மனிதர்கள். கடலும் பாசியும் மீனும் ஆமையும் இருக்கும் அந்தப் புத்தகத்தில் பாசி எடுக்கும் ஒரு கை கூட இல்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விரல்களில் துணிச்சுருளைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சையடக்கி நீருக்குள் இறங்கி, பாறையில் படிந்த பாசியைப் பறித்து இடுப்பிலுள்ள பையில் சேர்க்கிறார்கள். கூரிய பாறையும் முள்ளும் அவர்கள் கைகால்களைக் கிழிக்கும். பாசி வளர்வதற்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக மாதத்தில் சில நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்புக் கருவிகளால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது போன்ற கட்டுப்பாடுகளை அவர்களே வகுத்துக்கொண்டார்கள். இந்த முயற்சியில் முன்னின்ற பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கும் சீகாலஜி விருது 2015ஆம் ஆண்டு கிடைத்தது. அந்தத் தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் பாசி எடுப்பதற்கான தடையும் அதனால் இவர்களுக்கு நேரும் இடர்களும் சிறு குழந்தைகளுக்குரிய பாடம் அல்ல. ஆனால் பாசியை முழுதாகப் பிடுங்காமல், பற்றுறுப்பை விட்டுவிட்டுப் பறித்தால் அது மறுபடி துளிர்க்கும் என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் புரிந்துகொள்கிறது. கீரைப்பாத்தியில் கிள்ளி எடுக்கும் தண்டுக்கீரையைச் சொன்னேன், போதுமாக இருந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற சொல்லுக்கு நான் வகுப்பில் கொடுத்த முதல் விளக்கம் இந்தப் பெண்களின் பறிக்கும் முறைதான். பொருள் எதுவாக இருந்தாலும் எடுக்கிற விதம் கெட்டால் அது உகந்ததாக இருக்காது.

இரண்டாம் சனிக்கிழமை அகர் ஜெல்லி. தூளை நீரில் கலந்து கொதிக்கவிட்ட உடனேயே ஒரு சிறுவன், "எங்க நன்னி நோன்பு தொறக்க இதுதான் செய்வாங்க, கடப்பாசி!" என்று கூவினான். நன்னி என்றால் பாட்டி. ரமலான் மாதத்தில் பாலும் ரோஜா சர்பத்தும் சேர்த்துக் கடல்பாசி செய்யும் வீடுகள் எங்கள் பள்ளியைச் சுற்றி நிறைய உண்டு. அன்று அவன்தான் ஆசிரியன். எப்போது சர்க்கரை சேர்க்க வேண்டும், எப்போது தாம்பாளத்தில் ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவனே சொன்னான். புத்தகம் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்கிறது, அது தேவையே இல்லை. அகர் கரைசல் 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே உறையத் தொடங்கிவிடும். உறைந்தபின் மறுபடி உருகுவதற்கு 85 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் நீராகிவிடும், அகர் அசையாது. இந்த வேறுபாட்டைப் பெட்டி சொல்லாதது எனக்கு ஏமாற்றம், ஏனெனில் ஒரு பொருளின் குணம் என்றால் என்ன என்பதைக் குழந்தைக்குக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஜெல்லித் துண்டை வெயிலில் வைத்துவிட்டு உருகுமா என்று அரைமணி நேரம் காத்திருந்தோம். உருகவில்லை.

இதே குணத்தால்தான் அகர் ஆய்வகத்துக்குள்ளும் போனது. 1881இல், ஜெர்மனியில் நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸே, கிருமிகளை வளர்க்கும் ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிவிடுவதைக் கண்டு தவித்தபோது, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகரை முயன்று பார்க்கச் சொன்னவர் அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய குடும்பம் ஒன்றிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். அகர் அகர் என்பதே மலாய்ச் சொல். இந்தக் கதையைச் சொன்னபோது நோன்புக் கடப்பாசிச் சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் நன்னி செய்வதும் மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் இருப்பதும் ஒரே பொருள் என்ற செய்தி அவன் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கடப்பாசி வகுப்புக்கு வந்தது.

ஆல்ஜினேட் உருண்டைகள்தான் பெட்டியின் உச்சம். ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுக்குழாயில் எடுத்துக் கால்சியம் லாக்டேட் கரைத்த நீரில் சொட்டினால், விழுந்த கணத்தில் ஒவ்வொரு சொட்டும் தோல் கட்டி முத்தாகிறது. மூன்று நிமிடம் விட்டு அரிகரண்டியால் அள்ளினால் கையில் உருளும். முதல் முறை எங்களுக்கு இது தோற்றது. புத்தகத்தில் சொன்னபடி குழாய் நீரில் கலக்கினோம், கரைசல் முழுவதும் கொழகொழவென்று திரிந்துவிட்டது. எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் கடினமானது, அதிலேயே போதிய கால்சியம் இருப்பதால் சொட்டுவதற்கு முன்பே ஆல்ஜினேட் உறையத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் பல வீடுகளில் இதுதான் நடக்கும். புத்தகத்தில் ஒரு வரி எச்சரிக்கை இருந்திருக்கலாம். அடுத்த வாரம் பள்ளி மாடியில் மழைநீரைப் பிடித்து, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்து, மிக்சியில் ஆல்ஜினேட்டோடு ஓட்டி, நுரை அடங்க இரவு முழுவதும் விட்டு, மறுநாள் சொட்டினோம். ஒரு குழந்தைகூடத் தோற்கவில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு விளையாட்டு அமைத்தேன். குழந்தைகள் இரண்டு வரிசையாகக் கைகோத்து நடப்பது ஆல்ஜினேட் சங்கிலி. அந்தச் சங்கிலி எங்கும் ஓடிவிடலாம். கால்சியமாக நிற்கும் குழந்தை இரண்டு கைகளையும் நீட்டி இந்த வரிசையிலிருந்து ஒருவரையும் அந்த வரிசையிலிருந்து ஒருவரையும் பிடித்துக்கொண்டால் ஓட முடியாது. மைதானத்தில் அரைமணி நேரம் உறைந்தும் கரைந்தும் விளையாடினார்கள். இப்படி ஒரு விளையாட்டு பெட்டியில் இல்லை, அதைச் சேர்க்க ஒரு காசும் செலவாகாது.

2019ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில், ஓடுபவர்களுக்குப் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு மாற்றாகப் பாசியிலிருந்து செய்த உறைகளில் பானம் நிரப்பி 30,000க்கும் மேற்பட்டவற்றைக் கொடுத்தார்கள். அவற்றைச் செய்த நாட்பிளா நிறுவனம் 2022இல் சுற்றுச்சூழல் முயற்சிகளுக்கான எர்த்ஷாட் பரிசும் பெற்றது. அந்த உறையின் அடிப்படையும் குழந்தைகள் செய்த முத்தின் அடிப்படையும் ஒன்றே. இதைப் பெட்டி ஓர் அட்டையில் படத்துடன் சொல்லியிருக்கிறது, குழந்தைகள் அந்த அட்டையைக் கைவிட்டுக் கை மாற்றித் தேய்த்துவிட்டார்கள். எங்கள் முத்துக்கள் மறுநாளே சுருங்கிப்போனதையும் அவர்கள் பார்த்தார்கள். ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய உடனே விழுங்குவதற்கு ஏற்ற உறை, கடைத்தட்டில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய பானத்துக்கு ஏற்றதாக இருக்குமா என்ற கேள்வியை அங்கேயே கேட்க முடிந்தது.

இனி, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய சோதனைக்கு வருகிறேன். அகர், கிளிசரின், நீர் மூன்றையும் காய்ச்சித் தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித்தாள் போன்ற ஒன்று கிடைக்கும், அதுதான் 'உங்கள் முதல் பாசிப் பிளாஸ்டிக்' என்கிறது புத்தகம். இரண்டு நாட்களில் காயும் என்றும் சொல்கிறது. நாங்கள் ஊற்றியது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரம். ஏழாம் நாளும் தட்டுகள் ஈரமாகவே இருந்தன. மின்விசிறிக்குக் கீழே வைத்த நான்கு தட்டுகள் மட்டும் காய்ந்து, ஓரம் சுருங்கி, உரித்தெடுக்கும்படி ஆயின. மற்றவற்றில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. தன் தட்டில் பூஞ்சையைப் பார்த்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை, "என்னோடது கெட்டுப்போச்சு" என்று அழத் தொடங்கியது. பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்புப் பையன், "கெட்டுப்போகல, மக்குது. பிளாஸ்டிக்கா இருந்தா பூஞ்சை வந்திருக்குமா?" என்றான்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பூஞ்சை வந்தால் சோதனை தோல்வி, தட்டைக் கழுவி மறுபடி தொடங்கவும் என்று எழுதியிருந்தது. உடல்நலத்துக்கு அந்த எச்சரிக்கை சரிதான், பூஞ்சை பிடித்த தட்டுகளை நானும் குழந்தைகளின் கைக்கு விடவில்லை, மூடிவைத்துத் தூரத்திலிருந்தே காட்டினேன். ஆனால் தோல்வி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மக்கும் பொருள் என்று மேலட்டையில் பெருமையாக அச்சிட்டுவிட்டு, அது மக்கத் தொடங்கும்போது தோல்வி என்று சொன்னால் குழந்தை எதை நம்பும்? நுண்ணுயிர்களுக்கு உணவாகக்கூடிய ஒன்று நம் அலமாரியிலும் உணவாகிவிடும். நிலைத்து நிற்பதும் மக்குவதும் ஒரே பொருளிடம் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய குணங்கள் அல்ல. பிளாஸ்டிக்கை எதற்காக மனிதர்கள் இவ்வளவு விரும்பினார்கள், அதே காரணத்தால் அது ஏன் மண்ணில் கிடந்து தொல்லை தருகிறது என்ற இரண்டையும் சேர்த்து விளக்க எனக்குக் கிடைத்த சிறந்த கருவி அந்தப் பூஞ்சைத் தட்டுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைப் பற்றியே பேசினோம். அழுத குழந்தை கடைசியில் தன் தட்டுக்கு 'மக்கிக்கொண்டிருக்கிறது' என்று பெயரெழுதி ஒட்டச் சொன்னது.

காய்ந்த தாள்களை வைத்து, பெட்டியில் இல்லாத ஒரு சோதனையும் செய்தோம். பூந்தொட்டி மண்ணில் பாசித்தாள், வாழை இலை, மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை ஆகியவற்றில் உள்ளங்கை அளவு துண்டுகளைப் புதைத்து, குச்சி நட்டு, மண் ஈரமாக இருக்கும்படி நீர் தெளித்து வந்தோம். 24 நாட்கள் கழித்துத் தோண்டினோம். பாசித்தாளில் மண்ணோடு ஒட்டிய சில கொழகொழத் துணுக்குகளே எஞ்சின. வாழை இலை கறுத்து நரம்புகளாக நின்றது. பிளாஸ்டிக்கின் மேல் அச்சிட்ட எழுத்துக்கூட அழியவில்லை. எல்லோரும் பாசித்தாளுக்குக் கைதட்டியபோது ஒரு சிறுமி, "வாழை இலையும் மக்குதே டீச்சர், அப்ப இலையே போதுமே?" என்றாள். பெட்டியைத் தயாரித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். வாழை இலையும் மந்தாரை இலையும் பனையோலைப் பெட்டியும் மஞ்சப்பையும் இருக்கிற ஊரில், அவை செய்யும் வேலைக்குப் பாசியைக் காய்ச்சிக் கொண்டுவரத் தேவையில்லை. பாசியிலிருந்து அகரைப் பிரிப்பதற்கே நிறைய நீரும் பல மணி நேரக் கொதிப்பும் வேண்டும். இலையால் முடியாத இடத்தில்தான் பாசியின் பயன் இருக்கிறது. குழம்பு கசியாமலிருக்கக் காகிதப் பெட்டியின் உட்புறத்தில் பூசியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்கு மாற்றாகப் பாசிப் படலம் பூசும் முயற்சி அப்படிப்பட்டது. அன்று மாலை குழந்தைகள் வரைந்த படங்களில் இலைக்கு ஒரு வேலை, துணிக்கு ஒரு வேலை, பாசிக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

மேலட்டையிலுள்ள திருத்த வேண்டிய வாக்குறுதி, இந்தத் தாள் கடலில் கரைந்துவிடும் என்பது. அகர்த்தாளைக் குளிர்ந்த நீரிலும் உப்பு நீரிலும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். உப்பி வழவழப்பானது, கரையவில்லை. கொதிக்கும் நீரில்தான் கரைந்தது. கரைவது வேறு, மக்குவது வேறு. சர்க்கரை கரைகிறது, இலை மக்குகிறது. இதைப் பிரித்துச் சொல்லாமல் கடலில் கரையும் என்று குழந்தைக்குக் கற்பித்தால், கடலில் எறியலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். என் வகுப்பில் ஒரு குழந்தை அப்படியே சொன்னது.

பாசி வளர்ப்பு எல்லா வகையிலும் நல்லது என்ற புத்தகத்தின் தொனியும் எனக்கு உடன்பாடில்லை. மண்டபம் கரையில் சுமார் 12 அடிச் சதுர மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி 45 நாட்களில் பல மடங்கு பெருகி, கரையோரக் குடும்பங்களுக்கு வருமானம் தந்தது உண்மை. ஊரார் அதைப் பெப்சிப் பாசி என்பார்கள், தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்ப்பித்ததால் வந்த பெயர். அதே பாசி மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்ததும் உண்மை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டையும் சொன்னேன். சீமைக் கருவேலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஓரிடத்தில் நன்மை செய்யும் உயிர் வேறிடத்தில் இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும் என்பது கடினமாக இல்லை.

வாங்குவோருக்குச் சில செய்திகள். காய்ச்சும் வேலை முழுவதையும் பெரியவர்களே செய்ய வேண்டும், கொதிக்கும் அகர் தோலில் ஒட்டிக்கொள்வதால் சுடுநீரைவிட மோசமாகச் சுடும். புத்தகம் இதைச் சிறு எழுத்தில் ஓரத்தில் சொல்வது போதாது. 5 வயதுக் குழந்தைக்கு ஜெல்லியும் முத்துகளும் ஊறவைத்த பாசியும் பொருந்தும். தாளும் புதைக்கும் சோதனையும் 7 வயதுக்கு மேல்தான் பொறுமையோடு தொடர முடிகிறது. தூள்கள் நான்கைந்து குழந்தைகளுக்கே போதும், வகுப்பறைக்கு வாங்குவோர் அகரை மளிகைக்கடையில் தனியே வாங்கிக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். கேள்வி அட்டைகளில் பாதி, விடையை மனப்பாடம் செய்யவைப்பவை, விட்டுவிடலாம்.

'களை' என்ற சொல்லையும் கரையும் என்ற வாக்குறுதியையும் பற்றித் தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன், மன்னார் வளைகுடாப் பாசிகளின் ஊர்ப்பெயர்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இப்போதுள்ள நிலையிலும், உடனிருந்து செய்ய ஒரு பெரியவர் உள்ள வீட்டுக்கு இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன். குழந்தையிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கினால் ஆல்ஜினேட் முத்துகளை மழைக்காலத்தில் மழைநீரில் செய்யுங்கள், அகர்த்தாளைப் பங்குனி வெயிலுக்கு ஒத்திவையுங்கள். ஒரு தட்டை மட்டும் ஈரமான மூலையில் மூடிவைத்து, பூஞ்சை வரும்வரை காத்திருங்கள்.